அண்டங்காக்கைக் கறுப்பு வேண்டுமா? வண்டிக்குப் பெயிண்ட் எடுக்கும்முன் சில குறிப்புகள்

அப்பாவின் பழைய புல்லட்டுக்குப் பட்டி, டிங்கரிங் எல்லாம் பார்த்து, கடையில் "கறுப்பு கொடுங்க" என்று கேட்டு வாங்கி அடித்து முடித்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை ஏழு மணி வெயிலில் வண்டியைத் தெருவில் நிறுத்தினோம். டேங்க் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. டூல் பாக்ஸில் சாம்பல் பூத்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டேங்கை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து இரண்டாம் முறை அடித்தபோது, பக்கத்துத் தெரு பெயிண்டர் அண்ணனிடம் நின்று கற்றுக்கொண்டவை இவை. காருக்கும் ஸ்கூட்டருக்கும் இதேதான்.

1. முதலில் எந்தக் கறுப்பு வேண்டும் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஊர்க்காக்கையும் கறுப்புதான், ஆனால் அதன் கழுத்தில் சாம்பல் ஓடும். அண்டங்காக்கை அலகு முதல் வால்வரை ஒரே கறுப்பு. ஷேட் கார்டில் இருப்பவற்றில் பாதிக்குமேல் ஊர்க்காக்கைகள். பேர்ல், மைக்கா, மெட்டாலிக் என்று பெயரில் ஒட்டு இருந்தால் உள்ளே மினுக்கும் துகள்கள் இருக்கின்றன என்று பொருள். நிழலில் கறுப்பாகத் தெரியும், வெயிலில் நீலமாகவோ வெள்ளியாகவோ மின்னும். அது அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பது போன்ற ஆழம் வேண்டுமென்றால் துகள் எதுவும் சேராத 'சாலிட் பிளாக்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

2. கறுப்பு ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை? வண்டிப் பெயிண்டில் கறுப்பு தருவது பெரும்பாலும் கரி. ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குப் புகை பிடிப்பார்களே, அந்த வழியேதான்: எண்ணெயை அரைகுறையாக எரித்துத் தொழிற்சாலையில் எடுக்கும் கரி. அதன் துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு ஆழமான கறுப்பு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். ஆழமான கறுப்புக்கான கரியில் துகள் 10 முதல் 15 நானோமீட்டர் அளவில் இருக்கும். சாதாரண வகைகளில் 30, 50, அதற்கு மேலும் போகும். பொடியான கரி கண்ணுக்கு லேசான நீலச்சாயலோடு தெரியும். பருத்த கரி பழுப்படிக்கும். எங்கள் டேங்க் கருப்பட்டியானதற்கு இதுதான் காரணம். கடையில் 'ஜெட் பிளாக்' என்று கேளுங்கள். இரும்பு ஆக்சைடாலான கறுப்பு நிறமியும் உண்டு. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது நன்றாக உழைக்கும். பளபளக்க வேண்டிய டேங்குக்கு அதன் கறுப்பு போதாது.

3. கடையில் டப்பாவைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பெயிண்டோடு குழைத்து, "பாருங்க, நீலமா வருது, நல்ல கறுப்பு" என்று காட்டினால் அதை நம்பி வாங்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. கரியின் குணம் அப்படி. முழுக் கறுப்பாக அடிக்கும்போது நீலம் காட்டும் பொடிக் கரி, வெள்ளையோடு கலந்தால் பழுப்புக் காட்டும். பருத்த கரி வெள்ளையோடு சேரும்போது நீலமாகத் தெரியும், தனியே அடித்தால் பழுப்படிக்கும். குழைத்துப் பார்க்கும் சோதனை, நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை எடுக்கவைக்கும்.

4. சரியான சோதனை இதுதான். நேரம் பிடிக்கும், ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது. பழைய மட்கார்டு துண்டோ ஒரு முழ நீளத் தகரமோ எடுத்து, வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரை அடித்துத் தேயுங்கள். அதை மூன்று பாகமாக டேப் ஒட்டிப் பிரித்து, வாங்கலாம் என்று நினைக்கும் கறுப்புகளில் மூன்றைப் பாகத்துக்கு ஒன்றாக அடியுங்கள். நிறத்தின்மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டைப் பாதி அகலத்துக்கு மட்டும் அடித்து, மீதியை அப்படியே விடுங்கள்.

காய்ந்ததும் கிளியர் படாத பாதி மூன்றிலும் சாம்பலாக, கரும்பலகைபோலத் தெரியும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். காய்ந்த அம்மிக்கல் வெளிறிக் கிடக்கிறது, தண்ணீர் தெளித்ததும் கருகருவென்று ஆகிறது, இல்லையா? கல் மாறவில்லை. சொரசொரப்பில் பட்டுச் சிதறிய வெளிச்சம் இப்போது சிதறவில்லை, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரின் வேலையைத்தான் கிளியர் கோட் நிரந்தரமாகச் செய்கிறது. அதனால் கிளியருக்கு அடியில் இருக்கும் பேஸ் கோட்டை மட்டும் பார்த்துக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பது, காய்ந்த கல்லைப் பார்த்து அம்மி வாங்குவது மாதிரி.

தகரத்தைக் காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உச்சிவேளையில் நிழலில் வைத்துப் பாருங்கள். இரவில் டியூப் லைட்டின் கீழ் பாருங்கள். மூன்றிலும் பழுப்போ பச்சையோ எட்டிப்பார்க்காததுதான் உங்கள் கறுப்பு. பக்கத்தில் வேறொரு கறுப்பு இல்லாமல் ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தால் கண் எதையும் 'நல்ல கறுப்பு' என்று ஒப்புக்கொள்ளும். அதனால்தான் மூன்று பாகம்.

5. கம்ப்யூட்டரில் கலந்து தரும் கடையாக இருந்தால், கலக்கும்முன் திரையில் வரும் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனிக் கறுப்பு பலவற்றில் கறுப்பு டோனரோடு (நிறம் தரும் செறிந்த கலவை) சிறிது வெள்ளை, பழுப்பு, நீலம் சேர்ந்திருக்கும்; தொழிற்சாலையில் அடித்த வண்டியோடு ஒத்துப்போவதற்காகச் சேர்ப்பது. ஒரு கதவு மட்டும் அடிக்கிறீர்கள் என்றால் அந்தக் கலவைதான் வேண்டும். வண்டி முழுவதும் அடிக்கிறீர்கள் என்றால், வெள்ளை சேராத கணக்கைத் தேர்ந்தெடுங்கள். ஜெட் பிளாக் டோனரையும் அதற்கான பைண்டரையும் மட்டும் வைத்துக் கலந்து தரச் சொன்னாலும் தருவார்கள். அமெரிக்காவில் கஸ்டம் வண்டி செய்பவர்கள் இந்தத் தேவைக்கென்றே ஹவுஸ் ஆஃப் கலரின் பிசி-25, பிபிஜியின் டிபிசி-9700 என்று எண் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். நம் ஊர்க் கடையில் அந்த எண்தான் வேண்டும் என்று நிற்க வேண்டியதில்லை.

6. கார் என்றால் கலர் கோடு கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். கோடோடு கம்பெனி பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். 040 என்றால் மெர்சிடிஸில் கறுப்பு, டொயோட்டாவில் வெள்ளை! டொயோட்டாவின் சாலிட் கறுப்பு 202. பிஎம்டபிள்யூவில் 668 சாலிட் கறுப்பு, 475 மெட்டாலிக் கறுப்பு. மெர்சிடிஸில் 197 மெட்டாலிக்.

7. "கொஞ்சம் நீலம் விட்டா இன்னும் கறுப்பா தெரியும்" என்று பெயிண்டர்கள் சொல்வது உண்மைதான். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற கணக்கு. ஆனால் அளவு மீறினால் சோடியம் விளக்கின் கீழ் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று வண்டி மாறி மாறித் தெரியும். நல்ல ஜெட் பிளாக்குக்கு இது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

8. "டூகோவா, பியூவா?" என்று பட்டறையில் கேட்பார்கள். டூகோ என்பது 1920-களில் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பெயர். அந்த வகை முழுவதற்கும் நம் பட்டறைகளில் அதுவே பெயராகிவிட்டது. சீக்கிரம் காயும், விலை குறைவு, எளிதாகத் தேய்க்கலாம். ஆனால் வெயிலில் மங்கும், பெட்ரோல் சிந்தினால் கரையும். டேங்குக்கு அது ஆகாது. பியூ என்பது ஹார்டனர் சேர்த்து இறுகவைக்கும் பெயிண்ட். அதிலும் இரண்டு வழி உண்டு: கறுப்பும் பளபளப்பும் ஒன்றாகவே இருக்கும் ஒற்றைப் பெயிண்ட்; அல்லது மங்கலான பேஸ் கோட், அதன்மேல் கிளியர். ஒற்றைப் பெயிண்டில் பாலிஷ் போடும்போது நிறமே தேய்ந்து துணியில் வரும். பேஸும் கிளியரும் என்றால் பாலிஷ் கிளியரோடு நின்றுவிடும். வருடக்கணக்காக ஆழம் குறையாமல் இருக்க நான் இரண்டாவதைச் சொல்வேன்.

9. பேஸ், தின்னர், கிளியர், ஹார்டனர் நான்கையும் ஒரே கம்பெனியில் எடுங்கள். தின்னரில் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அவ்வளவு பொடியான கரி எப்போதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். ஆகாத தின்னரை ஊற்றினாலோ, ஆன தின்னரையே மடமடவென்று கவிழ்த்தாலோ கரி திரிந்துபோகும், பால் திரிவதுபோல. கண்ணுக்குத் திரி தெரியாது. அடித்தபின் கறுப்பு வெளிறும். டப்பாவை அடிவரை கிண்டி, தின்னரைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே கலக்கி, வலையில் வடிகட்டியபிறகுதான் கன்னில் ஊற்ற வேண்டும். எவ்வளவு தின்னர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாமேல் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள்.

10. அடியில் என்ன இருக்கிறதோ அதைக் கறுப்பு மறைக்காது, ஊருக்கே காட்டிக்கொடுக்கும். வெள்ளை வண்டியில் கண்ணுக்குப் படாத பள்ளம் கறுப்பில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரியும். என் கணக்கில் செலவழிக்கும் நேரத்தில் முக்கால்பங்கு இங்கேதான் போக வேண்டும்.

பிரைமர் அடித்துக் காய்ந்ததும், அதன்மேல் வேறு நிறப் பெயிண்டைப் புகைபோல லேசாகத் தூவிவிட்டு, மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேயுங்கள். மேடான இடத்தில் தூவிய நிறம் முதலில் போகும், பள்ளத்தில் தங்கும். தங்கிய இடத்துக்கு மறுபடி பட்டி. வெறும் விரலால் தேய்த்தால் விரல் போன வழியே வாய்க்கால் விழும். கடைசியாக 600 அல்லது 800 நம்பர் பேப்பர்.

இன்னொன்று, பெயிண்டர் அண்ணன் சொன்னது, என்னை வியக்கவைத்தது: தேய்த்து முடித்த பிரைமர்மேல் தண்ணீரை ஊற்றி, அது வடிவதற்குள் டியூப் லைட்டின் நிழல் விழும்படி குனிந்து பாருங்கள். அந்த நிழல்கோடு நெளியாமல் ஓடினால் பரப்பு சமம். நெளிந்தால் கறுப்பிலும் அப்படியேதான் நெளியும். கிளியர் அடித்தபின் தெரியப்போவது ஒரு வாளித் தண்ணீரில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

பிரைமர் சாம்பல் நிறமாக, கூடுமானவரை அடர்ந்த சாம்பலாக இருக்கட்டும். வெள்ளைப் பிரைமர்மேல் அடித்தால், நாளைக்கு ஒரு சிறு கல் தெறித்தாலும் வெள்ளைப் புள்ளி பல்லைக் காட்டும்.

11. எண்ணெய் தேய்த்த தலையோடும் தேங்காயெண்ணெய்க் கையோடும் அருகே போகாதீர்கள். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் பளபளப்பு ஸ்பிரேயை அந்த அறையில் அடிக்கவே கூடாது; அதிலுள்ள சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குட்டிக் குட்டிக் குழிகளாக விலகும். துடைக்கப் பழைய வேட்டித் துணியும் வேண்டாம், நூல் ஒட்டும். பிசுபிசுப்பான டேக் துணி பெயிண்ட் கடையிலேயே கிடைக்கும்.

12. மாதமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் சீக்கிரம் காயும் பெயிண்டை அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் இறங்கிவிடும். கறுப்பின்மேல் வெள்ளைப் புகை படிந்தாற்போல் இருக்கும். டூகோ வகையில் இது மிக அதிகம். எங்கள் டூல் பாக்ஸ் சாம்பல் பூத்தது மழை விட்ட ஒரு காலையில் அடித்ததால்தான். மார்கழிப் பனி விலகாத காலையும் வேண்டாம். ஆடிக்காற்றில் தூசி. எங்களுக்கு வாய்த்தது மாசி மாதம், காலை பத்து மணிக்குமேல். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது; ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது.

13. கறுப்பு மறைக்கும் சக்தி அதிகமுள்ள நிறம். பேஸ் கோட் இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். "இன்னும் ரெண்டு கோட் விட்டா இன்னும் கறுப்பாகும்" என்பது தவறு. தடித்த பேஸுக்குள் தின்னர் சிக்கிக்கொள்ளும். சில வாரத்தில் பளபளப்பு அமுங்கிப்போகும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஈரப்பளபளப்பு முழுவதும் போய் மங்கலாகும்வரை காத்திருங்கள். கன் வாய் 1.3 மில்லிமீட்டர் அளவில், ஒரு சாண் தூரத்தில், முன் ஓட்டத்தின் பாதியை அடுத்த ஓட்டம் மூடும்படி.

14. கிளியரை இரண்டு கோட் தாராளமாக அடியுங்கள். அதன் பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிபுள்ளியாக இருந்தால், எவ்வளவு நல்ல கறுப்பை உள்ளே வைத்திருந்தாலும் வெளிச்சம் சிதறிச் சாம்பலாகத்தான் தெரியும். நன்றாக இறுகியபின் 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரில் வரிசையாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போட்டால் பரப்பு சமப்படும். விளிம்புகளில் கைவைக்காதீர்கள், கிளியர் அங்கேதான் மெல்லியதாக இருக்கும், ஒரு இழுப்பில் கறுப்பு வெளியே வந்துவிடும். எங்கள் டேங்கின் மூடியோரம் அப்படித்தான் போனது, அந்த இடத்தை மறுபடி அடித்தோம்.

15. இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருப்பேன். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். கைக்குட்டை கட்டுவதும் துணி மாஸ்க் போடுவதும் எதற்கும் ஆகாது. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடிதான் முறை. அது இல்லாதவர்கள் கிளியர் வேலையை வீட்டில் செய்யாமல், அறையும் முகமூடியும் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பட்டறையில் அடிப்பவர் வெறும் முகத்தோடு நின்றால், ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் தினமும் அதில் நிற்கிறார். டேங்க் என்றால் பெட்ரோலை முழுக்க இறக்கி, ஆவி போகும்வரை திறந்துவைத்தபின்தான் வேலை தொடங்க வேண்டும். பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது.

16. சைலன்சர், இன்ஜின் பாகங்களுக்கு இந்தக் கறுப்பு அல்ல, சூடு தாங்கும் தனிக் கறுப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பருக்கு முதலில் பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பிரைமர். இல்லையேல் தோல் உரியும்.

17. உலகத்திலேயே கறுப்பான பெயிண்டை அடிக்கலாமே என்று என் தம்பி மகன் கேட்டான். 2014-ல் இங்கிலாந்தின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் அறிவித்த வான்டாபிளாக், விழும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்கிவிடும். 2019-ல் அதே வரிசையில் வந்த ஒரு பூச்சைப் பிஎம்டபிள்யூ தன் எக்ஸ்6 காருக்கு அடித்துக் காட்சிக்கு வைத்தது. வளைவு, மடிப்பு ஒன்றும் தெரியாமல் காரின் நிழலே எழுந்து நிற்பதுபோல் இருந்தது. அவ்வகைப் பூச்சு காட்சிக்கு உரியது, தெருவில் தேய்மானம் தாங்காது. மேலும், வண்டிக் கறுப்பின் அழகே அதில் வானமும் வேப்பமரமும் தெரிவதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒளியை முழுக்க விழுங்கிவிட்டால் அது போய்விடும்.

18. தங்கக் கோடு போட நினைப்பவர்களுக்கு: திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் புல்லட் டேங்குக்குக் கையாலேயே கோடு இழுத்தார்கள் என்பது ஊரறிந்தது. வீட்டில் செய்வதென்றால், கிளியரைத் தேய்த்துச் சமப்படுத்தி, கோடு போட்டு, அது காய்ந்தபின் மேலே இன்னொரு கிளியர் விடலாம். விரலால் தடவினால் கோட்டின் விளிம்பு தட்டாது. அந்தக் கோட்டுப் பெயிண்டும் கிளியரும் ஒத்துப்போகுமா என்று அதே தகரத்தில் முதலில் பாருங்கள்.

19. முதல் மாதம் மெழுகு, வாக்ஸ் எதுவும் வேண்டாம். உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். காய்ந்த துணியால் தூசி தட்டாதீர்கள். தூசி என்பது பொடி மணல். அதை வைத்துத் தேய்த்தால் வெயிலில் சிலந்திவலை மாதிரிக் கீறல் தெரியும். கறுப்பில் மட்டும்தான் இவ்வளவு தெரியும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கி, ஒரு வாளியில் சோப்பு நீர், இன்னொரு வாளியில் துணியை அலச நல்ல தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி. வெயிலில் நின்ற வண்டியை உடனே கழுவாதீர்கள். கறுப்புத் தகடு கையை வைக்க முடியாத அளவு சுடும். போர்த் தண்ணீர் பட்ட வேகத்தில் ஆவியாகி உப்புத் திட்டை விட்டுவிடும்.

20. மிஞ்சிய பேஸ் கோட்டைக் கொட்டிவிடாதீர்கள். எங்களுக்கு அரை லிட்டரில் மிச்சம் இருந்தது. தின்னர், ஹார்டனர் சேராததை மட்டும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வாயளவு நிரப்பி, இறுக மூடி, கம்பெனி, எண், வாங்கிய தேதி மூன்றையும் எழுதி ஒட்டி, குழந்தைகள் எட்டாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கூடவே அந்தச் சோதனைத் தகரத்தையும். அடுத்தமுறை டேங்கில் சாவிக்கொத்து உரசும்போது, கடைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்தத் தகரம்தான்.